செல்லுக்கு வெட்டிய வாய்க்கால்

(நுண்ணுயிர்களும் இரத்த அணுக்களும் வாசனை பிடித்துப் போகும் வழியை மனிதன் கண்டறிந்த வரலாறு)

கீழ்வேளூர்ப் பக்கம் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பிரிக்கிற வித்தையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிற தண்ணீர், அப்புறம் ஆறாகி, வாய்க்காலாகி, கண்ணி வாய்க்காலாகி, கடைசியில் மடை வழியாக வயலுக்குள் வருகிறது. யார் வயலுக்கு எவ்வளவு, யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதெல்லாம் நமக்குப் பழகிப்போன விவகாரம். கடைமடைக்காரர்கள் வேறு!

இதே வித்தையை ஒரு தலைமுடி அகலத்துக்குச் சுருக்கி, தபால் தலை அளவுள்ள ரப்பர் துண்டுக்குள் வாய்க்கால் வெட்டி, அதில் மனித இரத்த அணுக்களை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? இந்தத் துறைக்கு மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று பெயர். தமிழில் நுண்பாய்மவியல் என்று சொல்லலாம். அடியேன் பம்பு, குழாய், வால்வு என்று பிழைப்பு நடத்துகிற எஞ்சினியர். உயிரியல் எனக்குத் தொழில் அல்ல. ஆனாலும் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது பாதி உயிரியல், பாதி நம்ம வாய்க்கால் கணக்கு என்று தெரிந்தது. ஆகவே நம் கல்லூரியின் இந்த மலருக்கு இதையே எழுதலாம் என்று துணிந்தேன்.

கேள்வி என்ன?

கையில் அரிவாள் கீறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. வெள்ளை அணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறி, சதைக்குள் புகுந்து, சரியாகக் காயம் பட்ட இடத்துக்கு வந்து சேர்கின்றன. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, மூளையும் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள ஒரு துளி ஜீவன். அதற்கு வழி சொன்னது யார்?

காயம்பட்ட இடத்திலிருந்து சில வேதிப் பொருள்கள் கசிகின்றன. கசிகிற இடத்தில் அடர்த்தி அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தைச் செறிவுச் சரிவு என்கிறோம். மேடு எந்தப் பக்கம் என்று செல் கண்டுபிடித்து அந்தப் பக்கம் நகர்கிறது. இதற்குக் கெமோடாக்சிஸ், அதாவது வேதித்தூண்டல் நகர்வு, என்று பெயர். சொல்வதற்குச் சுலபம். இதை மைக்ராஸ்கோப்பின் கீழே நிரூபிக்க விஞ்ஞானிகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காரணம், சரிவு ஓரிடத்தில் நிற்காது. தண்ணீரில் விட்ட மைத்துளி மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து பரவிவிடும். சரிவைப் பிடித்து நிறுத்துவது எப்படி? இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் வரலாறுதான்.

முதல் தலைமுறை: கண்ணாடிக் குழாயும் முயல் கண்ணும்

1880-களில் ஜெர்மானியரான எங்கல்மன், மைக்ராஸ்கோப்பின் கீழே பாசி இழை ஒன்றை வைத்தார். அதைச் சுற்றி பாக்டீரியாக்களை விட்டார். வெளிச்சம் பட்டுப் பாசி எங்கே ஆக்ஸிஜன் விட்டதோ, அங்கே பாக்டீரியாக்கள் கூட்டமாகப் போய் ஒட்டிக்கொண்டன. ஆக்ஸிஜனை அளக்கக் கருவி இல்லாத காலத்தில், பாக்டீரியாவையே அவர் அளவுகோலாக்கிக்கொண்டார்!

1884-ல் வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற தாவரவியல் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். பெரணிச் செடியின் ஆணணுக்கள் பெண்ணணுவைத் தேடி நீந்துகின்றன என்பது தெரியும். எதை மோப்பம் பிடித்து? மயிர் போன்ற கண்ணாடி நுண்குழாயில் ஒவ்வொரு வேதிப் பொருளாக நிரப்பி, அதன் வாயை ஆணணுக்கள் நீந்தும் நீர்த்துளிக்குள் வைத்தார். மாலிக் அமிலம் நிரப்பிய குழாய்க்குள் ஆணணுக்கள் முண்டியடித்துக்கொண்டு புகுந்தன. மாங்காய், ஆப்பிள் போன்றவற்றின் புளிப்பில் பங்குள்ள அதே மாலிக் அமிலம்தான். கெமோடாக்சிஸ் என்ற சொல்லைக் கொடுத்தவரும் இவரே.

இதற்கிடையே 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகோஃப், கண்ணாடி போல் தெளிவான நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. உடம்புக்குள்ளேயே ஒரு காவல் படை இருக்கிறது என்ற கருத்து அங்கே பிறந்தது. இதற்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1888-ல் கண் மருத்துவர் லேபர், முயலின் கருவிழியில் தொற்று ஏற்பட்டபோது வெள்ளை அணுக்கள் தூரத்திலிருந்தும் அந்த இடத்தை நோக்கியே வருவதைக் கண்டு, இங்கேயும் ஃபெஃபர் சொன்ன அதே ஈர்ப்புதான் வேலை செய்கிறது என்றார்.

கவனியுங்கள். ஒருவர் தாவரவியல், ஒருவர் விலங்கியல், ஒருவர் கண் டாக்டர். விஷயம் ஒன்றே. இந்த அம்சம் இந்தக் கதையில் கடைசி வரை வரப்போகிறது.

ஓடும் தண்ணீரில் ஒரு சாட்சி

அடுத்த முக்கியமான சோதனை, நம் ஊர்க்காரருக்கு உடனே பிடிபடுகிற சோதனை. டிக்டியோஸ்டீலியம் என்று மண்ணில் வாழும் அமீபா ஒன்று உண்டு. சாப்பாடு இருக்கும் வரை தனித்தனியாகத் திரியும். பாக்டீரியா உணவு தீர்ந்து பஞ்சம் வந்தால், ஒரு லட்சம் வரை அமீபாக்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே உடம்பாகி, தண்டு விட்டு, மேலே விதைத்துகள் தாங்கி நிற்கும். கூடுவதற்கு அழைப்பு விடுவது எது? மின்சாரமா, தொடுதலா, தரையில் போட்ட தடமா, தண்ணீரில் கரையும் பொருளா?

1947-ல் ஜான் டைலர் பானர் என்ற அமெரிக்கர் மிக எளிமையான ஒரு காரியம் செய்தார். கூடும் மையத்தின் மேல் மெதுவாகத் தண்ணீரை ஓடவிட்டார். மையத்துக்குக் கீழ்ப்புறம், அதாவது தண்ணீர் போகிற திசையில் இருந்த அமீபாக்கள் மட்டும் மையத்தை நோக்கி வந்தன. மேல்புறம் இருந்தவை திக்குத் தெரியாமல் அலைந்தன. தண்ணீர் செய்தியைக் கீழே அடித்துக்கொண்டு போய்விட்டது! ஆகவே அழைப்பு, தண்ணீரில் கரைகிற வேதிப் பொருள்தான் என்று நிரூபணமாயிற்று. மேல்மடையில் போட்ட உரம் கீழ்மடை வயலில் பச்சை காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தப் பொருள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்பது 1967-ல் தெரிந்தது.

இந்த அமீபாவின் கதையில் நம் நாட்டுக்கும் நல்ல பங்கு உண்டு. இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர் வித்யானந்த் நஞ்சுண்டையா. அமீபாக்கள் கூடும்போது செய்தி எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறுகிறது, அதனால் கூட்டத்தின் வடிவம் எப்படி அமைகிறது என்பதைக் கணிதமாக எழுதி 1973-ல் வெளியிட்டார். பிற்காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் இதே அமீபாவோடு வாழ்ந்தார் என்றே சொல்லலாம். அவருடைய குழுவினர் நம் தமிழ்நாட்டு முதுமலைக் காட்டின் மண்ணிலிருந்தும் விலங்குச் சாணத்திலிருந்தும் இந்த உயிரினங்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, ஒரே கூட்டத்துக்குள் வெவ்வேறு பரம்பரையைச் சேர்ந்த அமீபாக்கள் கலந்திருப்பதை 2010-ல் வெளியிட்டார்கள். முதுமலைச் சாணத்திலிருந்து உலகத்தரமான விஞ்ஞானம்! நம் மாணவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சல்லடையும் பாலமும்

வெள்ளை அணுக்களின் பக்கம் திரும்புவோம். 1962-ல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீஃபன் பாய்டன் ஒரு பாத்திரம் செய்தார. மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை, நடுவில் நுண்துளைச் சல்லடை. மேலறையில் அணுக்கள், கீழறையில் ஈர்க்கும் பொருள். சில மணி நேரம் கழித்துச் சல்லடையை எடுத்துச் சாயம் ஏற்றி, எத்தனை அணுக்கள் துளை வழியாக இறங்கியிருக்கின்றன என்று எண்ணினால் ஆயிற்று. சுலபம், மலிவு. அதனால் உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் எஞ்சினியர் கண்ணுக்கு இதில் இரண்டு ஓட்டை தெரியும். ஒன்று, அணு எப்படிப் போயிற்று என்று பார்க்க முடியாது. போய்ச் சேர்ந்ததை மட்டும் எண்ணலாம். பஸ் ஸ்டாண்டில் நின்று இறங்குகிறவர்களை எண்ணுகிற மாதிரி. இரண்டு, அணு திசை பார்த்துப் போயிற்றா, அல்லது அந்த மருந்து பட்டதும் வெறி பிடித்துக் கண்டபடி ஓடியதில் தற்செயலாகத் துளையில் விழுந்ததா என்று சொல்ல முடியாது. சாலி சிக்மண்ட் என்ற பெண் விஞ்ஞானி இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். 1973-ல், மேலறையிலும் கீழறையிலும் வெவ்வேறு அளவுகளில் மருந்தைக் கலந்து சதுரங்கக் கட்டம் போல் ஒப்பிட்டு, திசை பார்த்துப் போவதையும் வெறுமனே வேகம் கூடுவதையும் பிரித்துக் காட்டும் முறையை ஹிர்ஷ் என்பவரோடு சேர்ந்து கொடுத்தார். 1977-ல் தாமே ஒரு கருவியும் செய்தார். இரண்டு குட்டை, நடுவில் ஒரு மில்லிமீட்டர் அகலப் பாலம். ஒரு குட்டையில் மருந்து, மறு குட்டையில் வெறும் திரவம். பாலத்தின் மேல் உள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் சரிவு உண்டாகும். அதில் உட்கார்ந்திருக்கும் அணு எந்தப் பக்கம் மூக்கை நீட்டுகிறது என்று நேரடியாகப் பார்க்கலாம். பார்த்ததில், தன் உடம்பின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அடர்த்தியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே அணு திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று தெரிந்தது. என்ன துல்லியம் பாருங்கள்!

பாக்டீரியா வேறு கட்சி. அமெரிக்காவில் ஜூலியஸ் ஆட்லர் 1960-களில் ஃபெஃபரின் பழைய நுண்குழாயைத் தூசி தட்டி எடுத்து, ஈ.கோலை பாக்டீரியாவை எண்ணிக் கணக்கிடும் முறையாக மாற்றினார். 1972-ல் ஹோவர்ட் பெர்க், நீந்தும் ஒற்றை பாக்டீரியாவை விடாமல் பின்தொடரும் மைக்ராஸ்கோப்பைக் கொண்டு, அது சுமார் ஒரு விநாடி நேராக ஓடும், பிறகு ஒரு கணம் குட்டிக்கரணம் போட்டுத் திசை மாறும் என்று காட்டினார். மிகச் சிறிய உடம்பு என்பதால் முன்பக்கம் பின்பக்கம் ஒப்பிடுவது அதற்குக் கட்டுப்படியாகாது. 'முந்தைய விநாடியை விட இப்போது நல்லா இருக்கா?' என்று காலத்தை ஒப்பிடுகிறது. நல்லா இருந்தால் ஓட்டம் நீளும். இல்லையென்றால் சீக்கிரமே குட்டிக்கரணம். நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யில் கே.வி. வெங்கடேஷ், மகேஷ் திரும்குடுலு ஆகிய கெமிக்கல் எஞ்சினியரிங் பேராசிரியர்கள், கட்டுப்படுத்திய செறிவுச் சரிவில் ஈ.கோலையின் ஓட்டத்தை அளந்து, கணித மாதிரியோடு ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்டார்கள். கெமிக்கல் எஞ்சினியருக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று இனி யாரும் கேட்கக் கூடாது.

சின்ன வாய்க்காலில் தண்ணீரின் குணம்

இப்போது பாட நேரம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் கதையின் மையம்.

1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீருக்குள் சாய இழை ஒன்றை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது இழை கலையாமல் நூல் பிடித்தாற்போல் போயிற்று. வேகம் கூடியதும் சுழன்று கலங்கிவிட்டது. எப்போது கலங்கும் என்பதற்கு அவர் பெயரிலேயே ஓர் எண் இருக்கிறது. அரை மீட்டர் வேகத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஓடும் பாசன வாய்க்காலுக்கு அந்த எண் சுமார் 5 லட்சம். ஒரே சுழிப்பு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகல வாய்க்காலில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீருக்கோ வெறும் 0.1! அங்கே சுழிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. சிவப்புத் தண்ணீரையும் நீலத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால், வரப்பு கட்டினாற்போல் தனித்தனியே ஓடும். வரப்பே இல்லாமல் வரப்பு!

கலப்பது ஒரே வழியில்தான்: மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. சிறிய மூலக்கூறு ஒன்று நீரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பரவ ஏறக்குறைய 10 விநாடி. ஒரு மில்லிமீட்டர் பரவ 17 நிமிஷம். ஒரு சென்டிமீட்டர் பரவ ஒரு நாளுக்கும் மேல். ஆகவே பெரிய பாத்திரத்தில் சரிவு உருவாகவே நாளாகும். சின்ன வாய்க்காலில் விநாடிகளில் உருவாகும். மேலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால், பழையது போய்ப் புதியது வந்து, சரிவு அதே வடிவில் நிற்கும். ஆறு ஓடிக்கொண்டே இருந்தாலும் ஆற்றின் உருவம் அப்படியே இருக்கிறதல்லவா? அது போல. நூறு வருஷமாகப் பிடிபடாமல் இருந்த சரிவைப் பிடித்து நிறுத்தியது இந்த எளிய பௌதிகம்தான்.

ரப்பரில் வெட்டிய டெல்டா

விஷயம் தெரிந்தால் போதுமா? அவ்வளவு சின்ன வாய்க்காலை வெட்டுவது எப்படி? கம்ப்யூட்டர் சிப் செய்கிற முறையில் சிலிக்கனில் வெட்டலாம். ஆனால் செலவும் அதிகம், சிலிக்கனுக்குள் மைக்ராஸ்கோப் வெளிச்சமும் போகாது. 1998-ல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் என்ற வேதியியல் பேராசிரியரின் குழு நல்ல வழி ஒன்று கொடுத்தது. வாய்க்கால் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிலிமில் அச்சடித்து, ஒளி பட்டால் இறுகும் பூச்சின் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், வாய்க்கால் வடிவில் மேடு கிடைக்கும். இது அச்சு. அதன் மேல் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பர் கரைசலை ஊற்றி, மிதமான சூட்டில் இறுகவிட்டு உரித்தால், மேடெல்லாம் பள்ளமாகப் பதிந்து வரும். கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டினால் வாய்க்கால் தயார். அதிரசத்துக்கு அச்சு வைப்பதில்லை. ஆனால் களிமண் பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதே தத்துவம். ஓர் அச்சிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்த ரப்பர் கண்ணாடி போல் தெளிவு, காற்றும் ஊடுருவும். ஆகவே உள்ளே இருக்கும் செல் மூச்சு முட்டிச் சாகாது.

இந்த ரப்பரைக் கொண்டு 2000-க்குப் பிறகு நூ லி ஜியான் என்ற கொரிய விஞ்ஞானியும் சகாக்களும் செய்த கருவிதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். அதன் வாய்க்கால் அமைப்பை நம்ம பாஷையில் சொல்கிறேன். இரண்டு தலைவாய்க்கால்: ஒன்றில் மருந்து 100 பங்கு, மற்றதில் 0. இரண்டும் பிரிந்து அடுத்த வரிசையில் மூன்று வாய்க்காலாகின்றன. ஓரத்து இரண்டும் 0, 100 என்றே இருக்க, நடுவாய்க்காலில் இரண்டும் சரிபாதி கலந்து 50. மூன்றும் பிரிந்து நான்காகும்போது 0, 33, 67, 100. ஐந்தாகும்போது 0, 25, 50, 75, 100. ஒவ்வொரு வரிசையிலும் வாய்க்காலைப் பாம்பு போல் வளைத்து நீளமாக்கியிருப்பார்கள். கலப்பதற்கு நேரம் வேண்டுமல்லவா? கடைசியில் எல்லா வாய்க்காலும் ஒரே அகலமான வாய்க்காலில் பக்கம் பக்கமாக வந்து சேரும். அங்கே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மருந்து படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். கணக்கை நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். அணு அளவும் பிசகவில்லை. தலைவாய்க்கால்களை மாற்றினால் சரிவின் வடிவத்தையும் இஷ்டப்படி மாற்றலாம். நேர் ஏற்றம், குன்று, செங்குத்துப் பள்ளம், எது வேண்டுமானாலும்!

2002-ல் இந்தக் கருவியில் மனித நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை விட்டார்கள். மருந்து, இன்டர்லூக்கின்-8 என்ற இயற்கையான அழைப்புப் பொருள். கட்டுரையில் கையெழுத்திட்ட ஆறு பேரில், ஜியான், வைட்சைட்ஸ், மெஹ்மத் டோனர் ஆகியோரோடு ஹரிஹர பாஸ்கரன் என்ற பெயரும் இருக்கிறது. படித்ததும் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது!

அவர்கள் கண்டது மூன்று. நேர் ஏற்றத்தில் அணுக்கள் மேட்டை நோக்கி உறுதியாக நடந்தன. ஏற்றம் முடிந்து திடீரென்று பூஜ்யமாக விழும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில், அணுக்கள் சட்டென்று நின்றுவிட்டன. ஆனால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் குன்றில்தான் வேடிக்கை. உச்சிக்கு வந்த அணு அங்கே நிற்கவில்லை. உச்சியைத் தாண்டி மறுபக்கம் கொஞ்ச தூரம் இறங்கிப் போய், பிறகுதான் திரும்பியது. ஓடுகிற வண்டி பிரேக் போட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிற மாதிரி! அணு அந்தந்தக் கணத்தின் அடர்த்தியை மட்டும் பார்த்து நடக்கவில்லை. தான் வந்த வழியும் அதன் நடையில் பங்கு கொள்கிறது. இதைச் சல்லடைப் பாத்திரத்தில் எந்தக் காலத்திலும் பார்த்திருக்க முடியாது.

குறையும் உண்டு. ஓடும் தண்ணீர் அணுவைப் பக்கவாட்டில் தள்ளும். அணுக்கள் தங்களுக்குள் விட்டுக்கொள்ளும் செய்தியையும் அடித்துக்கொண்டு போய்விடும். பானர் 1947-ல் கண்டதுதான் இது. ஆகவே பிறகு வந்தவர்கள், இருபக்கமும் வாய்க்கால் ஓட, நடுவில் கசிவு மட்டும் வருகிற மாதிரி ஜெல் சுவர் வைத்த கருவிகளைச் செய்தார்கள். 2007-ல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒன்று இப்படிச் செய்தது. வாய்க்காலிலிருந்து வரப்பு வழியாக ஈரம் ஊறி நாற்றங்காலுக்கு வருவது போல.

இதனால் ஜனங்களுக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. முதல் பதில் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களின் நியூட்ரோஃபில்களை இப்படிப்பட்ட நுண்வாய்க்காலில் ஓடவிட்டுப் பார்த்து, அவற்றின் நடை வேகம் குறைந்திருப்பதை 2010-ல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். தீக்காயக்காரர்களைத் தொற்று ஏன் அவ்வளவு சுலபமாகப் பிடிக்கிறது என்பதற்கு இது ஒரு தடயம். 2014-ல் ஒரு துளி இரத்தத்தில் நியூட்ரோஃபில்களின் நடையை வைத்து ஆஸ்துமாக்காரர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிய முயன்றார்கள்.

மிகப் பெரிய விஷயம் செப்சிஸ். காயத்திலோ நுரையீரலிலோ தொடங்கிய தொற்றுக்கு உடம்பு தறிகெட்டு எதிர்வினை செய்து, உறுப்புகளே செயலிழந்து போகும் நிலை. 2017-ல் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்து, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆனால் இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு நாளுக்கு மேலேயே ஆகிவிடும். 2018-ல் அதே பாஸ்டன் குழுவினர், ஒரு துளி இரத்தத்தை நுண்வாய்க்கால் கருவியில் விட்டு, நியூட்ரோஃபில்கள் அழைப்பே இல்லாமல் தாமாக எப்படி அலைகின்றன என்று பார்த்தே செப்சிஸைக் கண்டறிய முடியும் என்று காட்டினார்கள். தீவிர சிகிச்சையில் இருந்த 42 பேரில், நோய் உள்ளவர்களை 97 சதவீதமும் இல்லாதவர்களை 98 சதவீதமும் சரியாகப் பிரித்தது. 42 பேர் என்பது தொடக்கம்தான். அதை வைத்துத் தம்பட்டம் அடிக்கக் கூடாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் கையைக் கிழித்துக்கொண்டு, 'மஞ்சள் வச்சாச்சு, சரியாப் போயிடும்' என்று மூன்று நாள் கழித்துக் காய்ச்சலோடு வருகிற ஒரு விவசாயத் தொழிலாளிக்கு, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒரு துளி இரத்தத்தில் பதில் கிடைத்தால்? தஞ்சாவூருக்கு ஏற்றி அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்று அப்போதே முடிவு செய்யலாம். ஓர் உயிர் நிற்கும்.

இரண்டாவது பதில் நம் வயலிலேயே இருக்கிறது. அசோஸ்பைரில்லம் என்ற பெயர் டெல்டாவில் தெரியாதவர் இல்லை. 200 கிராம் பாக்கெட்டை வாங்கித் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை நனைத்து நடுகிறோம். காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா அது. ஆனால் வேருக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது? வேர் கசியவிடும் பொருள்களை மோப்பம் பிடித்து நீந்திப் போகிறது. அதற்குப் பிடித்த பொருள்களில் ஒன்று எது தெரியுமா? மாலிக் அமிலம்! 1884-ல் ஃபெஃபரின் கண்ணாடிக் குழாயில் இருந்த அதே சரக்கு. எந்த நெல் ரகத்தின் வேர்க் கசிவு எந்த பாக்டீரியாவை நன்றாக இழுக்கிறது என்பதை நுண்வாய்க்காலில் பக்கம் பக்கமாக ஓடவிட்டுப் பார்க்கலாம். நம் டெல்டா மண்ணுக்கும் நம் ரகங்களுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

நம் மாணவர்களுக்கு

'இதெல்லாம் ஹார்வர்டில் நடக்கும் சார், கீழ்வேளூர்ல நடக்குமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். மிஷெல் கைன் என்ற பெண் பேராசிரியர், கலிபோர்னியாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சு செய்யத் தேவையான தூசியில்லா அறை அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. குழந்தைகள் படம் வரைந்து சூடு காட்டினால் சுருங்கிப் போகும் பிளாஸ்டிக் தாள் ஒன்று பொம்மைக் கடையில் கிடைக்கும். அதில் லேசர் பிரிண்டரில் வாய்க்கால் படத்தை அச்சடித்துச் சூடு காட்டினார். தாள் சுருங்கியது, மைக் கோடுகள் மேடாக எழும்பின. அதையே அச்சாக வைத்து ரப்பர் ஊற்றினார். 2008-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். லேசர் பிரிண்டர், சின்ன அடுப்பு, பொம்மைத் தாள், அவ்வளவுதான் மூலதனம்.

நம் கல்லூரியில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. பிரிண்டர் இருக்கிறது. ஃபெஃபரின் நுண்குழாய்ச் சோதனையை நாளைக்கே செய்து பார்க்கலாம். அதற்கு வேண்டியது கொஞ்சம் பொறுமையும் குளத்துத் தண்ணீரும்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று. இந்தக் கட்டுரையில் வந்தவர்களைத் திரும்பிப் பாருங்கள். ஃபெஃபர் தாவரவியல், லேபர் கண் மருத்துவம், நஞ்சுண்டையாவும் பெர்க்கும் இயற்பியல், வைட்சைட்ஸ் வேதியியல், வெங்கடேஷ் கெமிக்கல் எஞ்சினியரிங், டோனர் மெக்கானிக்கல் எஞ்சினியரிங். ஒரே துறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. நம் கல்லூரியிலும் பிசிக்ஸ் பசங்க ஒரு பக்கம், பாட்டனி பசங்க ஒரு பக்கம் என்று கேன்டீனில்கூடத் தனித்தனியாகத்தான் உட்காருவோம். இப்போது படிக்கிற தம்பிகளும் தங்கைகளும் அந்த வரப்பை ஒரு தடவையாவது தாண்டிப் போய், பக்கத்து லேபில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பாருங்கள். முன்னாள் மாணவர் சங்கமும் ஆண்டுக்கு ஒரு தடவை, இரண்டு துறை மாணவர்கள் சேர்ந்து செய்யும் ஒரு செயல்முறைத் திட்டத்துக்குச் சிறு தொகை ஒதுக்கலாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ரப்பர், கண்ணாடித் தகடு, ஊசிக் குழாய்ச் செலவுக்கு என் பங்கை இந்த ஆண்டே தருகிறேன்.

சங்கமம் சிறக்கவும், இந்த மலரைப் படிக்கும் ஒரு மாணவராவது மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவும் மனமார்ந்த வாழ்த்துகள்.